வாளையார் தாண்டிப் பறக்கிறவரின் பை: எது மடியில், எது பின்னால், எது வீட்டில்

செஸ்னா 152 என்ற, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தின் அதிகபட்ச எடை 1,670 பவுண்டு, நம் கணக்கில் 757 கிலோ. ஆளும் பெட்ரோலும் ஏறாத விமானமே 515 கிலோவை ஒட்டி நிற்கும். சரியான எண் ஒவ்வொரு விமானத்துக்கும் மாறும், அதை அந்தந்த விமானத்தின் எடைச் சான்றில்தான் பார்க்க வேண்டும். டேங்கை நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 24.5 கேலன். அது 93 லிட்டர், லிட்டருக்கு 0.72 என்று போட்டால் 67 கிலோ. மிச்சம் 175 கிலோ. ஆளுக்கு 85 கிலோ என்று இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் பைக்கு மிஞ்சுவது ஐந்தே கிலோ.

இந்த ஐந்து கிலோவை மனதில் வைத்துக்கொண்டுதான் பை வாங்கவே போக வேண்டும். கடையில் கிடைக்கும் பெரிய ஃபிளைட் பேக்குகளில் சில, ஒன்றும் போடாமலே இரண்டு கிலோ இருக்கும். கோவை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 1,324 அடியில் இருக்கிறது. ஏப்ரல் மத்தியானம் 36 டிகிரி வெயிலில், காற்றழுத்தம் சாதாரணமாக இருந்தாலும், இறக்கைக்கும் என்ஜினுக்கும் அது நாலாயிரம் அடிக்கு மேல் நிற்பதற்குச் சமம். பையில் ஒரு கிலோ கூடினதால் விமானம் ஏறாமல் போகாது. ஆனால் ஒரு கிலோவைக் கணக்கில் எடுக்காதவர் பெட்ரோலையும் கண்மதிப்பில்தான் போடுவார்.

ஒரே பையில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். பெல்ட் போட்ட பிறகு தேவைப்படுவது ஒரு சின்னப் பையில், என்ஜின் நின்ற பிறகு தேவைப்படுவது பின்னால் போகும் பையில். இடது சீட்டில் உட்கார்ந்தால் இடது கை யோக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) விட்டு வராது, ஆகவே பைக்குள் போவது வலது கை மட்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பை ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டிக்கொண்டு, கண்ணை மூடி வலது கையால் டார்ச், பேனா, மூக்குக்கண்ணாடி, வரைபடம் என ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். தேடுகிற பொருள் மூன்று நொடிக்குள் கைக்கு வரவில்லை என்றால் அதன் இடம் தப்பு. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் காற்று விமானத்தைக் குலுக்கும்போது குனிந்து பையைக் கிளறினால் தலை சுற்றும். நிமிர்ந்து பார்க்கும்போது இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

சின்னப் பையை வலது சீட்டில் வைத்தால் அந்த சீட்டின் பெல்ட்டைப் பையின் பிடிக்குள் விட்டு மாட்டுங்கள். சீட்டுக்கு முன்னால் தரையில் மட்டும் வேண்டாம், அங்கே விமானத்தைத் திருப்பும் ரடர் பெடல் இருக்கிறது. உருளுகிற எதுவும், குறிப்பாக உருண்டையான டார்ச், பேனா, தண்ணீர் பாட்டில், பிரேக் மிதிக்கும் நேரம் பார்த்துத்தான் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். பேனாவுக்கு ஒரு சாண் நூல் கட்டித் தொடையில் மாட்டும் நீபோர்டில் முடிந்துவிடுங்கள். டார்ச் வாங்கும்போது தட்டையானது, அல்லது தலையில் மாட்டுவது. பகல் பறப்புக்கு டார்ச் எதற்கு என்றால், காலையில் என்ஜின் மூடிக்குள் எண்ணெய்க் கசிவைப் பார்க்க அது இல்லாமல் முடியாது. சிவப்பு வெளிச்சம் உள்ளதை வாங்கியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வரைபடத்தில் சிவப்பு, மெஜந்தா நிறத்தில் அச்சான கோடுகள் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது.

காகிதங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். லைசென்ஸ், இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, ரேடியோ உரிமம் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில். 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு லைசென்ஸ் வந்துவிட்டது, போனிலேயே காட்டலாம். போனில் சார்ஜ் இல்லாத நாளுக்கு ஒரு அச்சுப் பிரதி எடை ஒன்றும் கூட்டாது. மருத்துவச் சான்றில் கண்ணாடி போட வேண்டும் என்று எழுதியிருந்தால் மாற்றுக் கண்ணாடியும் கூட இருக்க வேண்டும். அது பின்பக்கப் பையில் இருந்தால் பயனில்லை, சட்டைப் பையில் இருக்கட்டும். விமானத்தின் பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, அதன் மறு ஆய்வுச் சான்று, ரேடியோ உரிமம், எடைச் சான்று, காப்பீடு, ஜர்னி லாக் புத்தகம், விமானக் கையேடு எல்லாம் விமானத்தோடு இருப்பவை. உங்கள் பையில் வைக்க வேண்டாம், ஆனால் ஏறுவதற்கு முன் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஜர்னி லாக்கை முந்தின ஆள் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு எடுத்துப் போய் அங்கேயே விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும்.

நீபோர்டில் முதல் வரியில் எழுத வேண்டியவை இரண்டு எண்கள். ஃபிளைட் பிளான் கொடுத்த பிறகு சென்னை ஃபிளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் தரும் எண் ஒன்று, விமானப்படைப் பக்கம் தரும் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண் மற்றொன்று. தமிழில் சுருக்கி எழுதினால் இதுவும் ஏடிசி, கன்ட்ரோல் டவரும் ஏடிசி. பேச்சில் குழப்பம் வராமல் இருக்க முழுப் பெயராகவே சொல்லிப் பழகுவது நல்லது. கோவைக்குப் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது, இந்த எண் கையில் இல்லாமல் என்ஜினைக் கிளப்பும் பேச்சே கிடையாது. நேரம் எல்லாம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் போகும். நம் காலை ஆறரை அவர்களுக்கு ஒரு மணி. போன் கடிகாரத்தில் கழித்துக்கொண்டிருக்காமல், இரண்டாவதாக ஒரு மலிவுக் கடிகாரத்தை யுடிசியில் வைத்து நீபோர்டின் கிளிப்பில் மாட்டிவிடலாம். திரும்பி வருவதும் பகலுக்குள்தான், டிசம்பரில் கோவையில் ஆறு மணிக்கே சூரியன் இறங்கிவிடும்.

வரைபடத்துக்கு வருவோம். கோவையிலிருந்து கொச்சிக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 65 கடல் மைல், திசை ஏறக்குறைய 216 டிகிரி. காந்தத் திருத்தம் நம் பக்கம் ஒன்றிரண்டு டிகிரிதான். டேப்லெட்டில் இந்த ஊரைத் தொட்டு அந்த ஊரைத் தொட்டால் ஆப் இதே கோட்டைத்தான் போட்டுத் தரும். அந்தக் கோடு பாதி வழியில் நெல்லியாம்பதி மலைமேல் போகிறது, அங்கே முகடுகள் 1,500 மீட்டரைத் தொடும், ஐயாயிரம் அடி. சற்று வடக்கே, வாளையார், பாலக்காடு, பாரதப்புழை, ரயில் பாதை என்று தரையைப் பார்த்துக்கொண்டே போனால் கணவாயின் தரைமட்டம் 150 மீட்டர் கூட இல்லை. கூடுதலாகப் போவது சில மைல்கள். இந்தப் பாதையை மடித்த காகிதத்தில் ஒரு கையகல நீளப் பட்டையாக அச்செடுத்து, பத்துப் பத்து மைலுக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு நீபோர்டில் வையுங்கள். போகும்போது மேற்கு நோக்கிய திசை, ஆகவே பறக்கும் உயரம் 4,500, 6,500 அடி என்ற இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. திரும்பும்போது 5,500, 7,500. இதையும் பட்டையின் இரண்டு ஓரங்களில் எழுதிவிட்டால் திரும்பி வரும் களைப்பில் மறக்காது. ஆந்திரப் பக்கம், சித்தூர், திருப்பதி நோக்கிப் பறக்கிறவர்கள் பட்டையின் ஓரத்தில் இன்னொன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) போட்டு வான்வெளியை மூடுவார்கள். முந்தின நாள் எடுத்த அச்சை நம்பாமல் கிளம்பும் அன்று காலை மறுபடி பாருங்கள்.

டேப்லெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும்போது வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடும் மாடலில்தான் உண்டு. இதைத் தெரியாமல் வாங்கினால் வெளி ஜிபிஎஸ் கருவி ஒன்றுக்குத் தனியாகச் செலவு. சூடு இன்னொன்று. ஐபேடுக்கு நிறுவனம் சொல்லும் இயங்கு வெப்ப வரம்பு 35 டிகிரி. ரேணிகுண்டாவில் மே மாதம் வண்டி நிறுத்தின இடத்திலேயே அந்த வரம்பு தாண்டிவிடும். கண்ணாடிக்குக் கீழே வெயில் படுகிற இடத்தில் மாட்டினால், திரை முதலில் மங்கும், பிறகு வெப்பமானி படம் போட்டு நின்றுவிடும். முழங்காலில், நிழலில், உறையைக் கழற்றி வைத்தால் தாக்குப்பிடிக்கும். காகிதப் பட்டை இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உறையைக் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேப்லெட் உறையில் மூடியைப் பிடிக்க வரிசையாகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். ஹெட்செட் ஸ்பீக்கரிலும் காந்தம், போனைக் காரில் ஒட்டும் தகட்டிலும் காந்தம். இவற்றில் எதையாவது டாஷ்போர்டுக்கு மேல் வைத்தால் திசைகாட்டி இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் கூட இருக்காது. என்ஜின் கிளப்புவதற்கு முன் சோதித்துவிடலாம். திசைகாட்டி என்ன காட்டுகிறது என்று பாருங்கள், பிறகு பையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அது வழக்கமாக இருக்கப் போகும் இடத்துக்குக் கொண்டு போங்கள். முள் அசைந்தால் அந்தப் பொருளுக்கு வேறு இடம். ஓடுபாதை 23-இல் நேராக நிற்கும்போது முள் 200 காட்டினால் டைரக்ஷனல் ஜைரோவை (திசைகாட்டியைப் பார்த்துச் சரிசெய்யும் திசைக் கருவியை) அதற்கு ஒத்து வைத்துவிட்டு, வழி முழுக்க 30 டிகிரி தப்பாகப் போக வேண்டியதுதான்.

பையிலேயே விலை குறைந்த பொருள் பெட்ரோல் சோதிக்கும் கிண்ணம். அதிகம் தப்பாகப் பயன்படுவதும் அதுதான். 152-இல் ஒவ்வொரு இறக்கை டேங்குக்கும் ஒரு வடிகால், என்ஜினுக்கு அடியில் வடிகட்டிக்கு ஒன்று. புதிய செஸ்னா 172-இல் பதின்மூன்று. பாதி டேங்கோடு ராத்திரி மழையில் நின்ற விமானத்தில் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், முதலில் வடிவதும் அதுதான். பலரும் ஏமாறுவது எங்கே என்றால், தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்து வந்தால் நடுவில் கோடு தெரியும், கிண்ணம் முழுக்கத் தண்ணீரே வந்தால் கோடே இருக்காது. தெளிவாக இருக்கிறது என்று ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நூறு எல்எல் எனப்படும் விமானப் பெட்ரோல் (அவ்கேஸ்) இளநீல நிறம். கிண்ணத்துக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் தண்ணீரும் நீலமாகத்தான் தெரியும். பிறகு முகருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். அவ்கேஸ் காய்ந்துபோகும், ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் வடைச் சட்டியிலிருந்து எடுத்த பேப்பர் போல எண்ணெய் வட்டம் நிற்கும். தண்ணீர் வந்தால் வராத வரைக்கும் வடியுங்கள், இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டுச் சற்று நேரம் விட்டு மறுபடி வடியுங்கள். வடித்ததைத் தரையில் வீசாமல் அதற்கென்று இருக்கும் டப்பாவில் ஊற்றுங்கள். இந்தப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, கிண்ணத்தைத் தனி ஜிப் உறையில் போட்டுப் பின்பக்கப் பையில் வையுங்கள். கையைக் கழுவாமல் சிப்ஸ் பாக்கெட்டைத் தொட வேண்டாம்.

இதோடு சேர்த்து, அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த டிப் ஸ்டிக்கும் (டேங்கில் விட்டுப் பெட்ரோலை அளக்கும் குச்சியும்), போகிற ஊரில் அவ்கேஸ் கிடைக்கும் என்ற போன் உறுதியும் வேண்டும். நம் நாட்டில் பெரிய விமான நிலையம் என்பதற்காகவே அவ்கேஸ் இருந்துவிடாது, ஜெட் எண்ணெய் மட்டும் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. டிப் ஸ்டிக்கை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பயன்படுத்தினால் அளவு தப்பாக வரும்.

ஹெட்செட் விலை பற்றிச் சண்டை போடுகிறவர்கள் பேட்டரி பற்றிப் பேசுவதில்லை. இரைச்சலைக் குறைக்கும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். மாற்று ஜோடியை அதன் கடை உறையோடு வையுங்கள், வெறும் பேட்டரி சாவிக்கொத்தில் உரசினால் சூடாகும். ஒரு மாதம் பறக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் சுருள் வரை அரித்துவிடும். ரேடியோ போனால் என்ன செய்வது என்பதை நினைவில் வைத்திருப்பதாக எல்லோரும் சொல்வார்கள், சோதித்தால் பாதிப் பேர் திணறுவார்கள். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600 போட்டபின் கோபுரத்து விளக்கைப் பார்க்க வேண்டும். பறக்கும்போது நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்று, மின்னும் பச்சை என்றால் இறங்கத் திரும்பி வா, மின்னும் சிவப்பு என்றால் தளம் சரியில்லை, இறங்காதே. இதை ஒரு விசிட்டிங் கார்டு அளவில் எழுதி நீபோர்டின் மறுபக்கம் ஒட்டுங்கள்.

பவர் பேங்க் சின்னப் பையில்தான் இருக்க வேண்டும், பின்பக்கப் பையில் போட்டால் புகை வரும்போது கை எட்டாது. 20,000 மில்லி ஆம்பியர் மணி உள்ளது 74 வாட் மணி, 100 வாட் மணி வரம்புக்குள் அடங்கும், அது போதும். வெயிலில் பூட்டி நிறுத்திய விமானத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். குளிர்க் கண்ணாடி வாங்கும்போது போலரைஸ்டு என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். ரோட்டில் நன்றாக இருக்கும், விமானத்தில் எல்சிடி திரைகள் ஒரு கோணத்தில் கறுப்பாகிவிடும்.

எதை எடுத்துப் போகக் கூடாது என்பதும் பை கட்டும் கலைதான். சாட்டிலைட் போன், சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி இரண்டும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு விமானிகளின் பட்டியலைப் பார்த்து வாங்கிவிட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கையடக்க ஏர்பேண்ட் ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மிஷன் கன்ட்ரோல் சென்டரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத பீக்கன் கத்தினால் யாரைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. 121.5 மட்டும் அனுப்பும் பழைய பீக்கன் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், 2009 பிப்ரவரியிலிருந்து அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. கத்தி உள்ள மல்டிடூலைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், ஸ்க்ரூ டிரைவரை விமானத்தின் கருவிப் பெட்டியில் விட்டுவிடுங்கள். கொல்லங்கோடு மாமி ஊருக்குக் கொடுத்தனுப்பும் கொப்பரையும் வேண்டாம். கொப்பரை தானாகச் சூடேறும் பொருள் என்று ஐ.நா.வின் ஆபத்தான பொருட்கள் பட்டியல் அதற்கு யுஎன் 1363 என்று எண்ணே கொடுத்திருக்கிறது.

கூட வருகிறவருக்காக வாந்திப் பை இரண்டு, கைக்கு எட்டும் இடத்தில், அவருக்கு முன்கூட்டிக் காட்டிவிட்டு. ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையே போதும். காய்ந்த இஞ்சித் துண்டு நல்லது, நேந்திரங்காய் சிப்ஸ் இறங்கின பிறகு. ஒட்டின சிப்ஸ் பாக்கெட் ஆறாயிரம் அடியில் பலூன் மாதிரி உப்பும், தயிர்சாத டப்பாவின் மூடியும் அப்படித்தான் கழன்றுகொள்ளும், ஏறுவதற்கு முன்னே ஒரு ஓரம் திறந்து மூடிவிடுங்கள். வலது சீட்டில் உட்காரும் உறவுக்காரரிடம் பேசத் தயங்க வேண்டாம்: “சித்தப்பா, காலைப் பின்னால இழுத்து வெச்சுக்குங்க, அந்தப் பெடல் சும்மா இல்ல. ரேடியோல பேச்சு கேட்டா நீங்க பேசாதீங்க.” வயதில் பெரியவர் என்று இதைச் சொல்லாமல் விட்டால் டாக்ஸிவேயில் விமானம் ஒரு பக்கம் இழுக்கும்.

பின்பக்கப் பையில் மிச்சம் இருப்பவை மழைக்கும் காற்றுக்குமானவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ராத்திரி வெளியே நிறுத்த வேண்டியிருந்தால் மூன்று மீட்டர் நைலான் கயிறு மூன்று, இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. தேங்காய்நார்க் கயிறு மழையில் இறுகும், மக்கும், வேண்டாம். வேகமானிக்குக் காற்று எடுக்கும் பிட்டாட் குழாயின் உறை சிவப்பு வால் உள்ளதாக இருக்கட்டும். ஒரு மத்தியானம் மூடாமல் விட்டால் குளவி மண் அடைத்துவிடும், ஓடுபாதையில் ஓடும்போது வேகமானி அசையாது. முன்கண்ணாடி அக்ரிலிக், அதற்கு அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி திரவமோ டிஷ்யூ பேப்பரோ ஆகாது, நுண்ணிய வெடிப்பும் கீறலும் விழும். மைக்ரோஃபைபர் துணியும் நல்ல தண்ணீரும் போதும், மேலிருந்து கீழாக, வட்டமாகத் தேய்க்காமல்.

மலையாளக் கரை மழையில் பை வேகமாகப் பூசணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் செய்தித்தாளில் கொட்டிப் பாருங்கள். தீர்ந்த பேட்டரி, காலாவதியான வரைபடம், நாலு பேனாவில் மூன்று எழுதாதவை, போன மாதத்துப் பில்கள் என்று அரைக் கிலோ கழியும். வெயிலில் காயப் போட்டு, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போட்டு அடுக்கி, கொக்கித் தராசில் தூக்கிப் பாருங்கள். வந்த எடையை மார்க்கரால் பையின் மூடிக்குள் தேதியோடு எழுதிவிடுங்கள், எடைத்தாள் நிரப்பும்போது யோசிக்க வேண்டியிருக்காது.